இடப்பக்கம் திரும்பிய கண்கள்

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது, கண்ணை எப்படி நீக்குவது என்பதைத்தான். மண்டையோட்டைத் தாண்டி வெளியே வந்து சேரும் மூளையின் அலை மிகச் சிறியது. ஒருவர் இமைத்தாலோ விழியைத் திருப்பினாலோ அதைவிடப் பல மடங்கு பெரிய அலை எழுந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் கண்ணின் ஓரங்களில் தனியாக மின்முனைகளை ஒட்டி, கண் எப்போதெல்லாம் அசைந்தது என்று தெரிந்துகொள்வோம். பிறகு அந்த அசைவைக் கணினியில் பிரித்தெடுத்துத் தூக்கிப் போட்டுவிடுவோம். எங்கள் ஆய்வகத்தில் அதற்குக் குப்பை என்றே பெயர். முனைவர் பட்ட ஆய்வின் நான்காவது ஆண்டில் நான் அந்தக் குப்பையைத் திறந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் இந்நேரம் பட்டம் வாங்கியிருப்பேன்.

என் துறைக்கு அறிவாற்றல் நரம்பியல் என்று பெயர். எங்கள் வீட்டில் அது யார் வாயிலும் நுழையவில்லை. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அம்மா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறாள். நான் நடக்கப் பழகிய காலத்திலிருந்தே பார்க்கிறாள். மில் வேன் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். அந்த ஹாரன் அம்மாவுக்குக் கேட்காது. வேன் வந்துவிட்டது என்று அப்பாவோ நானோ அவள் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும். அதை நாங்கள் யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. எங்கள் தெருவில் மில்லுக்குப் போகும் பெண்களை அப்படித் தொட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

நான் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்ததும், பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டவர்களிடம் அம்மா, "மூளை டாக்டருக்கு" என்று சொல்லிவிட்டாள். லீவுக்கு வந்தால் தலைவலிக்கு மாத்திரை கேட்டு ஆள் வந்து நிற்கும். நான் அந்த டாக்டர் இல்லை என்பேன். "பொறவு எந்த டாக்டர்லே?" என்று கேட்பார்கள்.

என் ஆய்வுக்கான கேள்வியைத் தந்தது எதிர்வீட்டுச் சித்திதான். உறவில் சித்தி இல்லை. அம்மாவோடு ஒரே ஷிஃப்டில், ஒரே ரிங் ஃப்ரேம் பகுதியில், அதாவது கதிர்கள் சுற்றி நூல் இறங்கும் பகுதியில் வேலை. அங்கே பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. உதட்டசைவிலும் விரல்களிலும்தான் பேச்சு. சித்தி ஒருமுறை சொன்னாள்: "ஆஸ்பத்திரில மிஷினு வச்சுப் பாத்தாக. காது நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாக. ஆனா கல்யாண வீட்டுல நாலு பேரு சேந்து பேசுனா ஒரு எழவும் வெளங்க மாட்டேங்குது."

அதைத்தான் நான் ஆங்கிலத்தில் பெரிய பெரிய சொற்களால் எழுதிப் பெங்களூரில் கொடுத்தேன். பல வருடம் இரைச்சலில் வேலை செய்தவர்களின் காது, சோதனையில் சரியாக இருந்தாலும், இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சத்தத்தைப் பிரித்தெடுக்கும் திறன் மூளையில் குறைகிறதா? என் நெறியாளர் கண்டிப்பான பெண்மணி. வாசித்துவிட்டு, "இது உனக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான் மேடம் என்றேன். "எல்லோருக்கும் தெரிந்ததை நிரூபிப்பதுதான் கஷ்டம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி அறையைப் பாஸ்டர் தந்தார். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு நடுவில் ஒரு நாற்காலி போட்டேன். எதிர்ச் சுவரில் கூட்டல் குறி வரைந்த ஒரு தாள். சோதனை முடியும்வரை கண்ணை அசைக்காமல் அதையே பார்க்க வேண்டும். வந்த பெண்களில் பாதிப் பேர் அதைச் சிலுவை என்றே நினைத்தார்கள். நான் திருத்தவில்லை; பார்வை நிலைத்து நின்றால் சரி.

தலையில் எண்ணெய் இருந்தால் மின்முனை பிடிக்காது. எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். முதல் நாள் வந்த எல்லோரும் பளபளவென்று எண்ணெய் தேய்த்துச் சீவி, பூவும் வைத்துக்கொண்டு வந்தார்கள். தலையைப் படம் எடுக்கப் போகிற இடத்துக்குப் பரட்டையாகவா வருவார்கள்? அம்மா அவர்களைச் சபைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குக் கூட்டிப் போய்ச் சீயக்காய் போட்டு அலசிவிட்டாள். இளவயதுப் பையனோடு கதவடைத்த அறையில் எந்தப் பெண்ணும் தனியாக உட்கார மாட்டாள் என்பதால், அம்மாவே உள்ளேயும் உட்கார்ந்துகொண்டாள்.

சம்மதப் படிவத்தை நான் வாசித்துக் காட்டினேன். அன்று முதலில் வந்தவள் சித்திதான்.

"இதுல பாஸ், ஃபெயில் எதுவும் கெடையாது. நீங்க எப்படிச் செஞ்சாலும் சரிதான். பிடிக்கலைன்னா பாதியில எந்திரிச்சுப் போயிரலாம்."

"பாதியில எந்திரிச்சுப் போனா நீ பாஸாயிருவியா?"

"நான் பாஸாகுறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சித்தி."

"சம்பந்தம் இல்லாமலா பெங்களூர்ல இருந்து பொட்டியத் தூக்கிட்டு வந்திருக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அந்தக் கேள்விக்கு அன்று நேராகப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

சோதனை எளிதானதுதான். காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் ஓயாமல் ஓர் இரைச்சல் ஓடும். அதற்குள் எப்போதாவது மெல்லிய மணியோசை போல ஒன்று வரும். கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அந்த ஓசை போகும் ஒவ்வொரு முறையும் மூளையலைப் பதிவில் ஒரு குறி விழ வேண்டும். அதற்கென்று ஒரு சிறு பெட்டி உண்டு. குறி விழும்போது அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். விளக்கு சோதனைக்கு உட்காருகிறவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. எனவே பெட்டியை இடப்பக்கம், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவின் காலடியில் வைத்து, விளக்கு அம்மாவின் பக்கம் இருக்கும்படி திருப்பினேன். நான் நாற்காலிக்குப் பின்னால் என் கணினியைப் பார்த்தபடி இருந்தேன்.

"இதென்னலே, செவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது?" என்று அம்மா கேட்டாள்.

நான் படிப்பதைப் பற்றி அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மகிழ்ந்துபோய் விளக்கமாகச் சொன்னேன். லைட் எரிந்தால் காதுக்குள் மணிச்சத்தம் போயிருக்கிறது என்று அர்த்தம், உடனே பொத்தானை அமுக்கினால் அவருக்குக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம் என்றேன். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அம்மாவுக்கு வார விடுமுறை வரும் நாட்களில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் வந்தார்கள். மற்ற நாட்களில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மில்லுக்கே போகாத பெண்கள்: தையல் தைப்பவர்கள், பால்கோவா கடைகளில் பொட்டலம் கட்டுபவர்கள், மம்சாபுரத்திலிருந்து வயல் வேலைக்குப் போகிறவர்கள். அப்போது அம்மா மில்லில் இருப்பாள். ஞாயிறு பள்ளி டீச்சர் ஒருவர் துணைக்கு உட்கார்ந்தார்.

அம்மாவையும் ஒருநாள் உட்காரச் சொன்னேன். "எனக்கு எதுக்கு? வாரவளுகளப் பாரு" என்று சொல்லிவிட்டாள்.

பெங்களூருக்குத் திரும்பி எல்லாவற்றையும் கணக்கிட்டபோது நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தது. மில் பெண்கள் ஏறக்குறைய ஓர் ஓசையைக்கூடத் தவறவிடவில்லை. மில்லுக்குப் போகாதவர்கள்தான் நிறையத் தவறவிட்டிருந்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம், மில் பெண்கள் பொத்தானை அமுக்கச் சற்றுத் தாமதித்தார்கள். ஓசை கேட்டதும் மூளையில் எழ வேண்டிய அலையும் அவர்களிடம் தெளிவாக இல்லை. தெளிவில்லாத அலைக்கு அந்த அறையின் மின்விசிறியைக் குற்றம் சொன்னேன். தாமதத்துக்கு அழகான காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அறுந்த நூலைக் கண்டதும் பாயாமல், பார்த்து நிதானமாகத் தொட்டு இணைக்கும் தொழிற்பழக்கம் என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியை நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன். என் அம்மாவின் கைகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நல்ல வாக்கியம் எழுதிவிட்டதாக நினைத்தேன்.

இரைச்சல் கவனத்தைக் கூர்மையாக்குகிறது என்பது முடிவாயிற்று. ஒரு கருத்தரங்கில் பேசினேன். கைதட்டினார்கள். "அப்படியானால் ஆலை இரைச்சலால் தீங்கில்லை என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார். கவனத்தைப் பொறுத்தவரை இல்லை என்றேன். "முதலாளிகளுக்கு நல்ல செய்தி" என்று அவர் சொன்னதும் அரங்கில் சிரிப்பு. மேடையில் நின்றுகொண்டு நானும் சிரித்தேன். இன்றுவரை நினைத்தால் உடம்பு கூசுவது அந்தச் சிரிப்புக்குத்தான்.

கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பு நெறியாளர் ஒரு சின்ன வேலை சொன்னார். நீக்கிய கண் அசைவுகளை எல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்து, அதில் ஒன்றும் இல்லை என்று காட்ட ஒரு படம் போட வேண்டும். அரை நாள் வேலை. எல்லோரும் அசையாமல் சுவரைப் பார்த்திருந்தால் அந்தப் படத்தில் ஒரு நேர்கோடுதான் வர வேண்டும்.

மில்லுக்குப் போகாத பெண்களுக்கு நேர்கோடு வந்தது.

மில் பெண்களுக்கு ஒரு படிக்கட்டு வந்தது. ஓசை போன சற்று நேரத்தில் கோடு மேலே ஏறி, செத்த நேரம் நின்று, கீழே இறங்கியது. இறங்கிய பிறகே பொத்தான். ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் அல்ல, தனித்தனியாகத் திறந்து பார்த்தால் எல்லோருக்கும் அதே படி. கண் திரும்பும் திசையையும் அந்தக் கோட்டில் படிக்கலாம். எல்லோருடைய கண்ணும் இடப்பக்கம் போயிருந்தது.

நான் அந்த அறையை மனதில் ஒருமுறை சுற்றிவந்தேன். எதிரே சுவர். வலப்பக்கம் ஜன்னல். இடப்பக்கம் பெஞ்சு. பெஞ்சில் அம்மா. அவள் காலடியில் பெட்டி.

என் உதவித்தொகைக் காலம் முடிய அப்போது சில மாதங்களே இருந்தன. கண்ணோரத்து மின்முனைகள் சரியாக வேலை செய்யவில்லை, அதனால் அந்தப் படத்தைத் தர இயலாது என்று நெறியாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவர் நம்பியிருப்பார். அவர் நம்புவார் என்பது தெரிந்ததாலேயே அதை அனுப்ப முடியவில்லை. அழிக்கவும் இல்லை. அதை அப்படியே வைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சுத்தூசியை விரலால் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சித்தி. என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் மாறியது. "ஏய்யா, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்க? ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன். அம்மா, டெஸ்ட்டு நடக்கும்போது நீ கை காட்டுனியா?"

அம்மாவுக்குக் கேட்கவில்லை. சித்திக்குக் கேட்டது. கடகடவென்று சிரித்துவிட்டாள்.

"அக்கா, கண்டுபிடிச்சுட்டான்! ஏலே, மூளைக்குள்ள அது கூடவா எழுதியிருக்கு?"

என்ன என்பதுபோல அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி வாயால் சொல்லவில்லை. வலது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு திருகு திருகினாள். நூல் அறுந்திருக்கிறது, பிடி என்று சொல்லும் மில் சைகை. சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வீட்டில் பால் பொங்கப் போகிறது என்றால்கூட அம்மா எனக்கு அதைத்தான் காட்டுவாள். ஓரக்கண்ணில் பட்டாலே போதும், அந்தப் பெண்களின் கை தானாக எழும்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "லைட்டு எரிஞ்ச ஒடனே காட்டல. செத்த நேரம் விட்டுத்தான் காட்டுனேன். ஒடனே காட்டுனா ஒனக்குத் தெரிஞ்சுரும்ல."

அந்தச் செத்த நேரத்தைத்தான் தொழிற்பழக்கத்தின் நிதானம் என்று நான் எழுதியிருந்தேன்.

"எதுக்கும்மா?"

"மொத நாளு இவ உக்காந்தாள்ல. லைட்டு எரியுது, அணையுது, எரியுது. இவ பொம்மை மாதிரி இருக்கா. நீ அந்தப் பக்கம் நகத்தக் கடிச்சுக்கிட்டு இருக்க. ஏசப்பா, இவளுக அமுக்காம எம்புள்ள படிப்பு போயிருமேன்னு..."

"நான் என்னலே செய்ய?" என்றாள் சித்தி. "எனக்கு எரைச்சல் மட்டுந்தான் கேட்டுச்சு. மில்லுக்குள்ள நிக்க மாதிரியே இருந்துச்சு. மணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அக்கா கையப் பாத்ததும் எங்கையி தன்னால போயிருச்சு. பொறவு வேன்ல வரும்போது எல்லாருகிட்டயும் சொல்லிட்டோம், அக்கா கையப் பாத்துக்கோங்கன்னு."

நான் படியில் உட்கார்ந்தேன். கோபம் வரும் என்று நினைத்துத்தான் பஸ் ஏறியிருந்தேன். வரவில்லை. நான் எழுதியிருப்பது என்ன என்று அவர்களுக்குச் சொன்னேன். மில்லுச் சத்தத்தால் கெடுதல் இல்லை, இரைச்சலில் வேலை செய்தால் சின்னச் சத்தமும் நன்றாகப் பிடிபடுகிறது, மற்ற பொம்பளைகளைவிட மில்லுக்காரிகளுக்கே நன்றாகக் கேட்கிறது. இதை ஒரு கூட்டத்தில் பேசியும் ஆயிற்று. அம்மாவுக்காகச் சத்தமாகச் சொன்னதால் தெருவுக்கே கேட்டிருக்கும்.

சித்தியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப எனக்கு நல்லா காது கேக்குதுன்னா எழுதியிருக்க?"

"ஆமா சித்தி."

"கல்யாண வீட்டுல யாரு என்ன கேட்டாலும் வெளங்காம, பல்லக் காட்டித் தலைய ஆட்டிட்டு வாரேனே. அது?"

அம்மா விரலில் சேர்ந்திருந்த பஞ்சை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அழிச்சிரு" என்றாள்.

"அழிச்சா பட்டம் தள்ளிப் போயிரும்மா. கெடைக்காமக்கூடப் போகலாம்."

"நாந்தான் கெடுத்தேன்னு அந்த மேடத்துக்கிட்டச் சொல்லு. படிக்காத பொம்பள, தெரியாமச் செஞ்சுட்டான்னு சொல்லு."

"லைட்ட ஒன் பக்கம் திருப்பி வச்சது நாந்தாம்மா."

அதை அவள் என் உதட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டாள். பிறகு, "டெஸ்ட்டத் திரும்ப வச்சா?" என்று கேட்டாள்.

"வருவாங்களா?"

"வருவாளுக. நான் கூட்டிட்டு வாரேன். கேக்கலைன்னா கேக்கலைன்னே எழுதுவியா?"

"அப்படித்தான் எழுதணும்."

"அதுக்கு ஒன்னய ஃபெயிலாக்கிர மாட்டாகளே?"

படிவம் வாசித்த அன்று சித்தியிடம் நான் சிரித்து மழுப்பிய அதே கேள்வி. இந்த முறை சொன்னேன்: "இவுங்களுக்குக் கேக்காததுக்கு என்னய யாரும் ஃபெயிலாக்க மாட்டாங்க. கேக்காததக் கேட்டுச்சுன்னு எழுதுனாத்தான் ஃபெயிலு."

மறுநாள் சபை வளாகத்தில் நின்று நெறியாளருக்கு போன் செய்தேன். முழுவதையும் சொன்னேன். முதலில் அவர் கேட்டது, "பின்மண்டையில், கண் எதையாவது பார்த்தால் எழும் அலை இருக்கிறதா என்று பார்த்தாயா?" என்று. இருக்கிறது மேடம் என்றேன். "அப்படியானால் சந்தேகமில்லை. மில் பெண்கள் எல்லோரையும் நீக்கு. கருத்தரங்கில் பேசியதைத் திரும்பப் பெற நீயும் எழுது, நானும் எழுதுகிறேன்." பிறகு குரல் சற்றுத் தாழ்ந்தது. "உதவித்தொகை நீடிக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அது உனக்குத் தெரியும்தானே?" தெரியும் என்றேன். வைக்கும் முன், "உன் அம்மாவைத் திட்டாதே" என்றார்.

கடிதம் எழுத மூன்று நாளாயிற்று. பதிவின்போது அறையில் இருந்த உதவியாளர் ஒருவர் அறியாமையால் குறிப்புக் காட்டிவிட்டார் என்று முதலில் எழுதினேன். அம்மா சொன்னபடியே எழுதியிருக்கிறேன் என்பது வாசித்தபோதுதான் உறைத்தது. அடித்துவிட்டு, குறிப்பு தரும் விளக்கை உதவியாளரின் கண்ணில் படும்படி வைத்தது ஆய்வாளரின் பிழை என்று மாற்றினேன். எழுதி அனுப்பாமல் கிடந்த அந்த மின்னஞ்சலையும் அன்றுதான் அழித்தேன்.

உதவித்தொகை நீடிக்கவில்லை. ராஜபாளையத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியபடி, நிறுவனத்திலிருந்து கருவியை இரவல் வாங்கி வந்து மறுபடி தொடங்கினேன். மற்றப் பெண்களை மில் வேனில் வைத்தே அம்மா பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாள். நான் பார்க்காத பேச்சு அது. பாதி கையாலேயே நடந்திருக்கும். மாட்டேன் என்று சொன்னவர்களும் உண்டு. "எங்களச் செவிடுன்னு காட்டிக் கொடுக்கவா?" என்று ஒருத்தி கேட்டாளாம். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மில்லில் யாருக்கும் பெயர் தெரியப்படுத்த மாட்டேன் என்று படிவத்தில் எழுதியிருப்பதை இந்த முறை சத்தமாக இரண்டு தடவை வாசித்தேன். அவள் வரவில்லை. வர வேண்டியதில்லை என்றும் அதே படிவத்தில் இருக்கிறது.

பெட்டியின் விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று ஒட்டினேன். பெஞ்சைத் தூக்கி வெளியே வராந்தாவில் போட்டேன். ஞாயிறு பள்ளி டீச்சர் அறையின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் எண்ணெய் வைக்காத தலைகளோடு வராந்தாவில் பெண்கள் காத்திருந்தார்கள். அம்மாவின் தலையிலும் எண்ணெய் இல்லை.

"மொதல்ல எனக்கு மாட்டு" என்றாள்.

காதுச் சோதனையை முதலில் செய்தேன். விதிப்படி அதில் தேறுகிறவர்களை மட்டுமே ஆய்வில் சேர்க்க முடியும். மெல்லிய குரல்கள் இருக்கும் மேல்ஸ்தாயியில் அம்மாவுக்கு ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை. நான் குழந்தையாக இருந்தபோது பேசிய எதுவும் அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்குமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அவள் முன் வந்து உட்கார்ந்து, அவள் பார்க்கும்படி உதட்டை அசைத்துச் சொன்னேன்: "ஒன்னயச் சேர்க்க முடியாதும்மா."

"சேக்காட்டி என்ன. இவளுக பாக்கட்டும். மாட்டு."

மாட்டினேன். அம்மாவின் தலைமுடியை நான் வகிர்ந்தது அதுதான் முதல் முறை. சீயக்காய் போட்டு அலசிய பிறகும் வேருக்குப் பக்கத்தில் பஞ்சுத்தூசி ஒட்டியிருந்தது. மின்முனைக்கு இடம் வேண்டி அதை ஒவ்வொன்றாக எடுத்தேன். பசை குளிர்ந்திருக்கும், தோளைக் குறுக்கினாள். கண்ணோரங்களிலும் ஒட்டினேன்.

கதவைச் சாத்திவிட்டுத் தொடங்கினேன். என் திரையில் முதல் குறி விழுந்தது. பொத்தான் இல்லை. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது. அம்மாவின் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது, அமுக்குவதற்குத் தயாராக. குறிகள் விழுந்துகொண்டே போயின. ஒரு தடவை, எந்த ஓசையும் போகாத நேரத்தில், அமுக்கினாள். பிறகு அதுவும் இல்லை. கண்ணின் கோடு மட்டும் தொடக்கம் முதல் கடைசிவரை நேராக ஓடியது. அவள் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த குறியை மட்டும் பார்த்தபடி, வராத சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

முடித்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"எம்புட்டு வந்துச்சு?" என்று கேட்டாள்.

"நெறைய வந்துச்சு."

"நான் எம்புட்டு அமுக்குனேன்?"

"ஒண்ணு. அதுவும் சத்தம் வராதப்ப."

அம்மா கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குப் பிறகு நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்பதுபோல. நெற்றியில் வழிந்த பசையை முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் திறந்து வராந்தாவில் காத்திருந்தவர்களிடம் சத்தமாகச் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்கோங்க. கேட்டா அமுக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. நான் அம்புட்டையும் விட்டுட்டேன், அவன் ஒண்ணும் சொல்லல."

சித்தி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் இடப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. அம்மா வெளியே நின்றபடி கதவை இழுத்துச் சாத்தினாள்.